ஆலடிச் சந்தியைத் தாண்டிய சிவகௌரி

புத்தூரில் சிவகௌரியைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல யாரும் தயங்கமாட்டார்கள். அவளே தயங்கமாட்டாள். மாடு முட்ட வந்தால் மாட்டிடம் மன்னிப்புக் கேட்கிற பிறவி அது. கடைக்காரன் அழுகல் தேங்காயைத் தந்துவிட்டால் திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு, அதை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, வேறு கடையில் இன்னொன்று வாங்கி வருவாள். வயது ஐம்பதைத் தாண்டியும் அந்தக் குணம் போகவில்லை. புருசன் செத்தபிறகு தமையன் சண்முகநாதனின் வளவுக்குள், பின்பக்கத்துச் சின்ன வீட்டில் இருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. தமையனின் மகள் சுவர்ணாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

இப்படிப்பட்டவளுக்கு ஓர் இரகசியம் இருந்தது என்றால் ஊர் நம்பியிருக்காது. சிவகௌரி கிறிஸ்தவ மதத்துக்கு மாறி, வேதக்காரியாகி நாலு வருசம் ஆகியிருந்தது. ஊரில் அதை அறிந்தவர் ஒரே ஒருவர், ஒழுங்கை முடிகிற தொங்கல் வீட்டில் இருந்த அருமைநாயகி.

அருமைநாயகி ஆஸ்பத்திரியில் பணிப்பெண்ணாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வேதக்காரி என்பதை நெற்றியில் எழுதி ஒட்டாத குறையாகத் திரிந்தாள். ஊர் அவளுக்கு 'அல்லேலூயா அருமை' என்று பட்டம் வைத்தது. கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொண்டு 'என்ன' என்று திரும்பிப் பார்ப்பாள். அதற்குமேல் ஊர் என்ன செய்யும்? சிவகௌரியின் புருசன் சிறுநீரகம் பழுதாகி மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தபோது, சொந்தக்காரர் எல்லோரும் வாசலில் நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அருமைநாயகி உள்ளே வந்தாள். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த மனுசனைப் புரட்டிக் கழுவித் துடைத்தாள். வேலை முடிந்ததும் கட்டில் காலைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாள்.

புருசன் போனபின் ஒருநாள் சிவகௌரி கேட்டாள்: "அருமையக்கா, கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் ஆரோடை கதைக்கிறனீங்கள்?"

"வா, காட்டுறன்," என்றாள் அருமைநாயகி.

சுன்னாகத்தில் ரயில் பாதைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். லெனாட் என்ற பாஸ்டர் நடத்திய சின்னச் சபை. அங்கே யாரும் சிவகௌரியை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பாட்டுப் படிக்கிற சத்தத்துக்குள் அவள் வாய்விட்டு அழுதாள். புருசனின் செத்த வீட்டில்கூட ஆர் என்ன நினைப்பார்களோ என்று அளவாக அழுதவள் அவள். எல்லோருக்கும் பயந்து பயந்தே சீவித்தவளுக்கு, பயப்படத் தேவையில்லாத ஒருவர் முதன்முதலாக அங்கேதான் கிடைத்தார். அதற்குப் பிறகு அவள் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை.

ஆனால் வீட்டுக்கு என்ன சொல்வது? "சுன்னாகம் சந்தைக்குப் போட்டு வாறன்" என்று சொன்னாள். முதல் ஞாயிறு திரும்பும்போது, சந்தைக்குப் போனவள் வெறுங்கையோடு வந்தால் பிடிபட்டுவிடுவோம் என்ற பதற்றத்தில், கண்ணில் பட்டதை இரண்டு கிலோ நிறுத்து வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். வாங்கியது வெங்காயம். சண்முகநாதன் செம்மண் தறையில் வெங்காயம் செய்கிற மனிதர். அந்த வீட்டில் குசினி, கொட்டில், தாழ்வாரம் எங்கே தலையை நிமிர்த்தினாலும் வெங்காயப் பிடிதான் தொங்கும். தமையனின் பெண்சாதி, மச்சாள் கேதீஸ்வரி விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள்.

"வெங்காயத்துக்கை படுத்தெழும்புற மனுசி, பஸ் ஏறிப் போய் வெங்காயம் வாங்கி வந்திருக்கிறா. எங்கடை மச்சாளுக்கு முத்திப்போச்சு!"

அதற்குப் பிறகு கத்தரிக்காய் வாங்கினாள்.

பஸ்ஸில் அருமைநாயகி முன்னுக்கு இருப்பாள், சிவகௌரி பின்னுக்கு. ஒருவரை ஒருவர் தெரியாததுபோல இருப்பார்கள். இது சிவகௌரியின் ஏற்பாடு. அருமைநாயகி அதற்காக அவளைக் கோபித்ததில்லை, நக்கலடித்ததோடு சரி.

"ஆண்டவர் உன்னைச் சந்தையிலை கண்டா என்னெண்டு சொல்லுவாய்? கத்தரிக்காய் வாங்க வந்தனான் எண்டோ?"

"அண்ணை அறிஞ்சா என்னை வெட்டிப் போடுவார், அக்கா."

"கொண்ணை வெட்டமாட்டார். உன்னோடை கதைக்காமல் விடுவார். உனக்கு அதுதான் பயம்."

அது உண்மைதான். சண்முகநாதன் கெட்ட மனிதரல்ல. முன்கோபக்காரர், ஊர்க் கோயிலில் ஒரு திருவிழாவுக்கு உபயகாரர். தங்கச்சி கைம்பெண்ணாகி நின்றபோது ஒரு வார்த்தை பேசாமல் லான்ட்மாஸ்டர் உழவு மிசினைக் கொண்டுபோய் அவளுடைய சாமான்களை ஏற்றி வந்தவர். அந்த முகம் தன்னைப் பார்க்காமல் திரும்பிக்கொள்ளும் என்று நினைக்கவே சிவகௌரியால் முடியாது. போதாததற்குச் சுவர்ணாவின் கலியாணப் பேச்சும் வந்துவிட்டது. மாப்பிள்ளை கிருஷாந்துக்கு மின்சாரசபையில் வேலை. தகப்பன் இளையதம்பி அதே வட்டாரம், விரதம் தவறாத சைவப் பழம். தாலிக்குத் தங்கம் உருக்குகிற பொன்னுருக்குக்கு நாளும் வைத்தாயிற்று. இந்த நேரத்தில் பெண்ணின் மாமி மதம் மாறியவள் என்று ஒரு கதை கிளம்பினால் பிள்ளையின் வாழ்க்கை என்னாவது?

அருமைநாயகிக்கு அந்த வருசம் நெஞ்சுவலி ஒருமுறை வந்து போனது. படுக்கையில் இருந்தபடி ஒருநாள் சொன்னாள்: "பிள்ளை, நான் செத்தா எரிச்சாலும் சரி, தாட்டாலும் சரி, எனக்குக் கிரியை வேண்டாம். சுடலையிலை நெருப்பு வைக்க முந்தி ஆரும் ஒரு ஆள் ஆண்டவற்றை பேரைச் சொல்லி என்னை அவற்றை கையிலை குடுத்தாக் காணும்."

"பாஸ்டர் இருக்கிறார்தானே, அக்கா."

"பாஸ்டர் இல்லாட்டி?"

"சபை ஆக்கள் வருவினம்."

"அவையும் வராட்டி?"

"உங்களுக்கு வேறை வேலையில்லை. சரி, ஒருத்தரும் வராட்டி நான் சொல்லுறன், போதுமே?" என்றாள் சிவகௌரி. நடக்காது என்று நினைத்துக்கொண்டு கொடுக்கிற வாக்கு எவ்வளவு லேசாக வாயிலிருந்து வரும்!

நடந்தது. அருமைநாயகி ஒரு வியாழக்கிழமை காலையில் கிணற்றடியில் விழுந்து, அப்படியே போய்விட்டாள். அவளுக்கென்று இருந்தது கிளிநொச்சியில் லொறி ஓடுகிற தமையன் மகன் ஜெயரூபன் மட்டும். அவன் வந்து பந்தல் போட்டு, சனிக்கிழமை பின்னேரம் பிரேதம் எடுப்பது என்று சொன்னான். லெனாட் பாஸ்டர் மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்து மாக்கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பரவாயில்லை, சபை ஆட்கள் வான் பிடித்துப் பின்னேரம் வருவதாக இருந்தார்கள். சிவகௌரி நிம்மதியாக இருந்தாள். யாரோ வருவார்கள், செபம் சொல்வார்கள், அவள் மற்றப் பெண்களோடு மூலையில் குந்தியிருந்து மனதுக்குள் ஆமென் சொன்னால் போதும்.

சனிக்கிழமை காலை செத்த வீட்டுக்குப் போனவளுக்குத் தலையில் இடி விழுந்தது. பந்தலுக்குள் ஐயருக்குப் பாய் விரித்திருந்தது. பாஸ்டர் வரமாட்டார் என்றதும், ஊர் வழக்கப்படியே கிரியை செய்துவிடுவது என்று ஜெயரூபன் முடிவெடுத்திருந்தான். கும்பம் வைக்க ஆயத்தம் நடந்தது. யாரோ பஞ்சாங்கம் பார்த்துப் பின்னேரம் நேரம் சரியில்லை என்று சொல்ல, பத்து மணிக்கே எடுப்பதாக ஜெயரூபன் மாற்றிவிட்டான். சுடலைக் காரியங்களைப் பார்க்கிறவர் சண்முகநாதன். அவர் விறகுக்கு ஆள் அனுப்பிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி நின்றார். பக்கத்தில் கதிரையில் சம்பந்தி இளையதம்பி.

சிவகௌரி கிணற்றுக்குப் பின்னால் போய்ப் பாஸ்டருக்குப் போன் எடுத்தாள்.

"பாஸ்டர், எடுக்கப் போகினம். இப்பவே. கிரியை செய்து எடுக்கப் போகினம்!"

"வான் பின்னேரத்துக்குத்தான் சொல்லியிருக்கு. பத்து மணிக்குள்ளை எங்கடை ஆக்கள் வந்து சேரமாட்டினம், அக்கா," என்றார் லெனாட். பிறகு, "நீங்கள் அங்கை நிக்கிறியள்தானே?" என்றார்.

"நானோ?"

"நீங்கள்தான்."

போனை வைத்துவிட்டு அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம். தலையிடி என்று சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அருமையக்கா எழும்பி வந்து கேட்கவா போகிறாள்? ஆண்டவருக்கும் அவள் எப்படிப்பட்டவள் என்று தெரியும்தானே, மன்னித்துவிடுவார். இப்படி ஒவ்வொரு சாட்டாக எடுத்துப் பார்த்தாள். புருசனின் உடம்பைக் கழுவிய அந்தக் கைகள் பெட்டிக்குள் கட்டிக் கிடந்த கோலம் கண்ணுக்குள் நின்றது. அந்தக் கைகள் ஒருநாளாவது சாட்டுச் சொன்னதா? சீ, என்று தன்னையே ஏசினாள். "ஆண்டவரே, என்ரை வாயைத் திறவுங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்," என்று சொல்லிக்கொண்டு பந்தலுக்குள் போனாள்.

"தம்பி ஜெயரூபன், கொஞ்சம் பொறும்," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. பறை அடித்துக்கொண்டிருந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு உரத்துச் சொன்னாள்: "பறையை நிப்பாட்டச் சொல்லும்!"

பறை நின்றது. சிவகௌரியின் வாயிலிருந்து இப்படி ஒரு சத்தம் வரும் என்று அந்த ஊர் கேட்டறியாது.

"உங்கடை மாமி வேதக்காரி. கிரியை வேண்டாம் எண்டு எனக்குச் சொன்னவ. செபம் செய்துதான் அவவை அனுப்பவேணும்."

ஐயர் நல்ல மனிதர். "அப்பிடியெண்டா அவ விரும்பாததை நான் செய்யிறது முறையில்லை," என்று தர்ப்பையைத் திரும்பவும் பைக்குள் வைத்தார். ஜெயரூபனுக்குத்தான் எரிச்சல்.

"எனக்கென்ன அன்ரி, செபமெண்டா செபம். ஆர் செய்யிறது? பாஸ்டர் ஆஸ்பத்திரியிலை. இஞ்சை வேதக்காரர் ஒரு குஞ்சும் இல்லையே."

"நான் இருக்கிறன்," என்றாள் சிவகௌரி.

கேதீஸ்வரி பெண்களை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். சிவகௌரி தொடர்ந்து சொன்னாள்:

"நான் வேதக்காரிதான். நாலு வருசமா. அருமையக்காவோடைதான் சுன்னாகத்துச் சபைக்குப் போறனான்."

"அடி ஆத்தை!" என்று கேதீஸ்வரி வாயில் கை வைத்தாள். "அப்ப மச்சாள், அந்த வெங்காயம்?"

செத்த வீடென்றும் பாராமல் இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். சண்முகநாதன் சிரிக்கவில்லை. அவருடைய முகம் கறுத்துப்போனது. சம்பந்தியை ஒருமுறை பார்த்தார். பிறகு தங்கச்சிக்குக் கிட்ட வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? பிள்ளையின்ரை கலியாணம் கிட்ட நிக்குது. வீட்டை போ."

அவளுக்கு எங்காவது ஓடி ஒளிய வேண்டும்போல் இருந்தது. கால் ஓடவில்லை. பெட்டியின் பக்கத்தில் போய் நின்று, அருமைநாயகியின் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடினாள். சபையில் அவள் ஒருநாளும் வாய்விட்டுச் செபித்ததில்லை. வடிவான வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. மனதில் வந்ததைச் சொன்னாள்.

"ஆண்டவரே, இவ அருமையக்கா. உங்களுக்குத் தெரியாத ஆளில்லை. என்ரை மனுசனுக்குப் பீ மூத்திரம் அள்ளினவ. ஒருநாளும் முகம் சுளிக்கேல்லை. இந்த ஊரிலை ஆரின்ரை பிள்ளைக்குக் காய்ச்சலெண்டாலும் முதல் போய் நிண்டவ. இப்ப உங்களிட்டை வாறா. ஆமென்."

பந்தலில் பல தலைகள் குனிந்தன. அந்தப் பிள்ளைகளின் காய்ச்சல் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது.

பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் ஒப்பாரி சொல்லிக்கொண்டு ஒழுங்கையால் பின்னால் வந்தார்கள். ஆலடிச் சந்தியில் எல்லோரும் நின்றார்கள். அந்த ஊரில் செத்தவர் யாராக இருந்தாலும் பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. பெற்ற தாயென்றாலும் கட்டின பெண்சாதியென்றாலும் அங்கே நின்று, தலையில் அடித்துக் குழறிவிட்டுத் திரும்பவேண்டியதுதான். சுடலை ஆண்களின் இடம். தன் புருசனையும் சிவகௌரி அந்தச் சந்தியில் நின்றுதான் அனுப்பிவைத்தாள். பெட்டி வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்தமுறை அவள் நிற்கவில்லை. கேதீஸ்வரி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"மச்சாள், விசரே உங்களுக்கு? பொம்பிளையள் தாண்டுறேல்லை!"

"தெரியும், மச்சாள். நான் குடுத்த வாக்கு சுடலை வரைக்கும் இருக்கு."

"சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்," என்றாள் சிவகௌரி. மச்சாளின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுச் சந்தியைத் தாண்டினாள். பின்னால் ஒப்பாரி நின்றுபோனது அவளுக்குக் கேட்டது. ஆண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தார் ரோட்டு வெய்யில் செருப்பில்லாத காலைச் சுட்டது. செத்த வீட்டு வாசலில் கழற்றிய செருப்பை எடுக்க அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

சுடலையில் விறகு அடுக்கியிருந்தது. சண்முகநாதன் தங்கச்சியைக் கண்டதும் குறுக்கே வந்து நின்றார்.

"திரும்பிப் போ."

"போகமாட்டன், அண்ணை."

பிறந்த நாள்தொட்டு அவள் அவருக்கு மறுத்துச் சொன்ன முதற் சொல் அது. அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"ஆக்கள் பாக்கினம், கௌரி."

"பாக்கட்டும். நாலு வருசமா ஒருத்தரும் பாக்காமல் ஒளிச்சது போதும்."

அவர் விலகினார் என்று சொல்லமுடியாது. அவள்தான் அவரைச் சுற்றிக்கொண்டு போய் விறகுக்குக் கிட்ட நின்றாள். கடைசி வரிசையில் நின்றவருக்கும் கேட்கச் சொன்னாள்: "ஆண்டவரே, இயேசுவே, உங்கடை பிள்ளை அருமைநாயகியை உங்கடை கையிலை தாறன். ஏற்றுக்கொள்ளுங்கோ."

அவ்வளவுதான். ஜெயரூபன் கொள்ளி வைத்தான். நெருப்பு எழும்பும்வரை அவள் நின்று பார்த்தாள். ஒரு சொந்தம் எரிவதைப் பார்ப்பது எவ்வளவு கொடுமையென்று ஆண்கள் இத்தனை காலமும் தங்களுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள். நின்று பார்த்து முடித்தபோது, தன் புருசனுக்கும் சேர்த்து அழுது தீர்த்ததுபோல அவளுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது.

சண்முகநாதன் அன்றிலிருந்து அவளோடு கதைக்கவில்லை. அருமைநாயகி சொன்ன மாதிரியே. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். வளவுக்குள் எதிர்ப்பட்டால் அவர் வெங்காயத் தறையைப் பார்த்துக்கொண்டு போனார். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதாள், முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். சுவர்ணா மட்டும் வழக்கம்போல வந்து அவளுடைய கட்டிலில் சாய்ந்தபடி போன் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இளையதம்பியும் மனைவியும் வந்தார்கள். மனைவிக்காரி சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "கலியாண வீட்டிலை அவ முன்னுக்கு நிக்கப்படாது."

கேட்டதைப் பாருங்கள்! கைம்பெண் என்று ஊர் அவளை எப்போதோ பின்னுக்குத் தள்ளியாயிற்று. அதற்குப் பின்னால் தள்ள இன்னும் எங்கே இடம் இருக்கிறது?

சண்முகநாதன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். சிவகௌரி குசினிக்குள் இருந்து வெளியே வந்தாள்.

"முன்னுக்கு நிக்கமாட்டன். பொன்னுருக்குக்கும் வரவேண்டாமெண்டா வரேல்லை. பிள்ளையைத் தூக்கி வளத்தனான், நோகும்தான், அது பரவாயில்லை. ஆனா ஆரும் கேட்டா நான் வேதக்காரி இல்லையெண்டு மட்டும் சொல்லமாட்டன். அதைக் கேக்காதேங்கோ."

இளையதம்பி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். "உவ சுடலைக்கு வந்ததை நானும் கண்டனான்," என்றார். நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. "பொன்னுருக்கு வைச்ச நாளிலையே நடக்கட்டும்," என்று எழும்பினார்.

கலியாணம் நடந்தது. சிவகௌரி மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து பார்த்தாள். தாலி ஏறும்போது கண்ணை மூடிப் பிள்ளைக்காகச் செபித்தாள். பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சிவகௌரி விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இப்போது சந்தைப் பை எடுப்பதில்லை. வேதப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்படலையைத் திறந்துகொண்டு போவாள். போகும்போது, தறையில் தண்ணீர் கட்டுகிற தமையனின் முதுகைப் பார்த்து ஒவ்வொரு கிழமையும் சொல்லுவாள்: "அண்ணை, சபைக்குப் போட்டு வாறன்." முதுகு பதில் சொல்லாது. ஆனாலும் அவள் சொல்லாமல் போனதில்லை.

வெங்காயம் கிண்டி எடுத்து முடிந்து, அடுத்த போகத்துக்குத் தறை கொத்துகிற காலம். அன்றைக்கும் சொன்னாள். நாலடி போயிருப்பாள், தண்ணீர் இறைக்கிற மிசின் நிற்கிற சத்தம் கேட்டது.

"கௌரி."

அவள் திரும்பினாள். சண்முகநாதன் மண்வெட்டிப் பிடியில் கையை ஊன்றிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தபடி நின்றார்.

"நான் செத்தாலும் சுடலை வரைக்கும் வருவியோ?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் பார்க்கவில்லை, அதனால் "ஓம்" என்றாள்.

"எனக்குத் தேவாரம் படிச்சுத்தான் எடுக்கவேணும். என்ரை வழி அது, அதிலை ஒரு மாற்றமும் இல்லை." அவர் மண்வெட்டியால் வரம்பில் ஒரு வெட்டு வெட்டினார். "ஆனா நீ சந்தியோடை திரும்பிப் போகாதை. சுடலை வரைக்கும் வந்து நில்."

"நீங்கள் கேக்காட்டிலும் வந்திருப்பன், அண்ணை," என்றாள் சிவகௌரி.